செயலி 'நீள்முகம்' என்றது, கண்ணாடியில் தெரிவது பூசணிக்காய்

கரூர்க் கணக்கு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வயது 34. கரூரில் ஜவுளி ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். இன்னும் 23 நாளில் தங்கைக்குக் கல்யாணம். பெண்ணின் அண்ணன் என்பதால் பொரியிடும் நேரத்தில் வீடியோக்காரர் என் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் வந்து நிற்பார். அதற்குள் என் தலையை ஒரு வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

வழக்கமாகப் போகும் சலூனில் உட்கார்ந்ததும் "எப்போதும்போலத்தானே?" என்று கேட்பார்கள். தலையாட்டுவேன். 12 வருடமாக அந்தத் தலையாட்டல்தான் என் கிராப்பு. கல்யாணத்துக்காவது மாற்றிப் பார்க்கலாமே என்று முகவடிவம் சொல்லும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கினேன். கையை நீட்டிப் படம் எடுத்துக் கொடுத்ததும் 'நீள்முகம்' என்று தீர்ப்புச் சொன்னது. நீள்முகத்துக்குப் பக்கவாட்டில் முடி அடர்த்தியாக இருக்க வேண்டுமாம், முன்முடி நெற்றியில் விழ வேண்டுமாம், உச்சியில் உயரமே கூடாதாம். சரி என்று இரண்டு மாதம் பக்கங்களை வளரவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை 1,400 ரூபாய்க்கு ஒரு டிரிம்மர் வாங்கி, உயரம் கூடாது என்றார்களே என்று உச்சந்தலையில் மட்டும் 20 மில்லிமீட்டர் சீப்பை மாட்டி ஓட்டினேன். முன்முடியைச் சீவி நெற்றியில் இறக்கினேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் நுழைந்ததும் கட்டிங் பிரிவு மேற்பார்வையாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி, திருஷ்டிப் பூசணிக்காய் உடைக்க அமாவாசைக்கு இன்னும் நாள் இருக்கிறதே" என்றார். அவர் சொன்ன பிறகு கண்ணாடியில் எனக்கும் வேறெதுவும் தெரியவில்லை.

இதில் இரண்டு குழப்பம். முதலாவது, தையல்காரர் டேப்பை வாங்கி முகத்தை அளந்தேன். ஒரு காதோரத்திலிருந்து மறு காதோரம் வரை 23 சென்டிமீட்டர். முடி ஆரம்பிக்கும் இடத்திலிருந்து மோவாய் வரை 18. நீளத்தைவிட அகலம் கூடுதலாக ஒரு முகம் இருக்க முடியுமா? இருந்தால் செயலி ஏன் நீள்முகம் என்றது? இரண்டாவது, உச்சியில் சுழிக்குப் பக்கத்து முடி கொண்டைக்குருவியின் கொண்டைபோல் நிமிர்ந்து நிற்கிறது. கல்லூரிக் காலம் தொட்டு வலது பக்கம்தான் வகிடு எடுக்கிறேன். அப்போது பிடித்த ஒரு நடிகரைப் பார்த்து வந்த பழக்கம். தண்ணீர் தொட்டு அழுத்தினால் 10 நிமிடம் படுத்திருக்கும், ஃபேன் காற்றில் எழுந்துவிடும். தேங்காய் எண்ணெய் வைத்தால் படுத்துவிடுகிறது. ஆனால் முகம் இன்னும் உருண்டையாகத் தெரிகிறது.

தொழில் தெரிந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். கேலி செய்பவர்களும் செய்யலாம், பழகிவிட்டது.


கும்பகோணம் கத்தரி எழுதியது:

தம்பி, 27 வருடமாகத் தொழில் செய்கிறேன். அப்பாவும் இதே தொழில்தான். பலூனை ஊதி, சோப்பு நுரை பூசி, அது உடையாமல் சவரக்கத்தியால் வழித்துக் காட்டிய பிறகுதான் எனக்கு முதல் ஆளையே கொடுத்தார். கோபப்படாமல் படியுங்கள். உங்கள் செயலியும் தப்பு, டேப்பும் தப்பு.

செயலியை முதலில் பார்ப்போம். கையை நீட்டிப் படம் எடுத்தால் கேமராவுக்கும் மூக்குக்கும் இரண்டடிகூட இராது. அவ்வளவு கிட்டத்தில் எடுக்கும்போது நடுவில் இருக்கும் மூக்கு பெரிதாகும், பின்னால் இருக்கும் கன்னமும் காதும் ஒடுங்கிவிடும். முகம் ஒல்லியாகத் தெரியும். கடைக்கு வரும் பையன்கள் பாதிப்பேர் இப்படி எடுத்த படத்தைக் காட்டித்தான் "எனக்கு நீள்முகம் அண்ணா" என்கிறார்கள். கைப்பேசியை அலமாரியில் கண் உயரத்துக்கு நிறுத்தி, ஐந்தாறு அடி தள்ளி நின்று, டைமர் வைத்து எடுங்கள். அந்த முகத்தைத்தான் ஊர் பார்க்கிறது.

அடுத்து டேப். காதோரத்திலிருந்து காதோரம் அளந்தபோது டேப் கன்னத்தில் ஏறி, மூக்கில் ஏறி, மறுபடி இறங்கியிருக்கும். மலைச்சாலையை அளந்துவிட்டு இரண்டு ஊருக்கும் நேர்த்தூரம் இவ்வளவு என்று சொல்வதுபோல் இருக்கிறது உங்கள் 23. குளித்த கையோடு முடியைப் பின்னால் சீவிவிட்டுக் கண்ணாடிக்கு நேராக நில்லுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை அசைக்காமல், காய்ந்த சோப்புத் துண்டால் கண்ணாடியில் தெரியும் முகத்தின் ஓரத்தை அப்படியே கோடாக இழுங்கள். முடி ஆரம்பிக்கும் இடம், நெற்றிப்பொட்டு, கன்ன எலும்பு, தாடை மூலை, மோவாய். பிறகு விலகி நின்று அந்தக் கோட்டை அளங்கள். அளவு நிஜ முகத்தில் பாதிதான் வரும். கவலை வேண்டாம், நமக்கு விகிதம்தான் முக்கியம். நீளம் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கை நெருங்கினால் முட்டை வடிவம் அல்லது நீள்முகம். ஒன்றேகால் மடங்குக்குள் நின்று, தாடையில் மூலை தெரியாமல் வளைந்து போனால் வட்ட முகம். மூலை தெரிந்தால் சதுரம். மேலே அகன்று மோவாய் கூராக இறங்கினால் வெற்றிலை முகம் என்று எங்கள் கடையில் சொல்வோம். நீங்கள் எழுதியதை வைத்தும், அந்த மேற்பார்வையாளர் வாக்கை வைத்தும், உங்களுடையது வட்டம் என்றே நினைக்கிறேன்.

வட்ட முகத்துக்கு நீங்கள் செய்தது நேர் எதிர். முடி கறுப்பு. அது எங்கே திரண்டிருக்கிறதோ அங்கே முகம் அகலும். காதுக்கு மேலே இரண்டு பக்கமும் குவிய விட்டீர்கள், அகலம் கூடியது. நெற்றியை முடியால் மூடினீர்கள், நீளம் குறைந்தது. உச்சியைக் குறைத்தீர்கள், மிச்சமிருந்த உயரமும் போயிற்று. பூசணிக்கு இதைவிட நல்ல செய்முறை கிடையாது. பக்கத்தை ஒட்ட வெட்டி, மேலே ஆறேழு சென்டிமீட்டர் விட்டு, முன்முடியை எழுப்பிச் சாய்வாக ஒதுக்க வேண்டும். நெற்றிப்பொட்டின் பக்கம் வளைவாக உருட்டிவிடாமல் கொஞ்சம் மூலை தெரிகிற மாதிரி விட்டால் முகத்துக்கு இல்லாத கோணம் வரும்.

இனி சுழி. முகவடிவத்தைப் பற்றி ஆயிரம் பேர் பேசுகிறார்கள், இதை யாரும் பார்ப்பதில்லை. நான் கத்தரியை எடுப்பதற்கு முன் பார்ப்பது முகத்தை அல்ல, பின்னந்தலையை. முடி எந்தப் பக்கம் சுற்றி முளைக்கிறதோ அந்தப் பக்கம்தான் அது படுக்கும். பெரும்பாலானவர்களுக்குச் சுழி கடிகாரமுள் சுற்றும் திசையில் இருக்கும். அப்படி இருந்தால் முன்பக்கத்து முடி இயல்பாகவே இடமிருந்து வலமாகப் போகும், ஆகவே இடது பக்கம் வகிடு எடுத்தால் அடங்கி நிற்கும். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். நீங்களோ 15 வருடமாக வலது பக்கம் வகிடெடுத்து, ஆற்றை எதிர்த்துச் சீவிக்கொண்டிருக்கிறீர்கள். வீட்டில் யாரையாவது பின்னந்தலையைப் படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். அல்லது தலையை நனைத்து, முடி முழுவதையும் நெற்றிப் பக்கம் சீவி, உள்ளங்கையால் உச்சியிலிருந்து மெல்ல முன்னால் தள்ளுங்கள். எந்த இடத்தில் தானாகப் பிளக்கிறதோ அதுதான் உங்கள் வகிடு. நடிகருக்கு அவர் சுழி, உங்களுக்கு உங்கள் சுழி. இரட்டைச் சுழி என்றால் இரண்டு கல்யாணம் என்பார்கள், அதை நம்ப வேண்டாம். ஆனால் இரட்டைச் சுழிக்காரருக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும் என்பதை நான் நம்புகிறேன்.

கொண்டை நிற்பதற்கு இன்னொரு காரணம் அந்த 20 மில்லிமீட்டர். சுழி இருக்கும் இடத்தில் முடி மிகவும் குட்டையாக இருந்தால், அதாவது 6 மில்லிமீட்டருக்குள், நின்றாலும் தெரியாது. ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் தன் பாரத்தால் தானே படுக்கும். நடுவில் இருக்கும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான் வம்பு. மாதத்துக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர்தான் முடி வளரும். 23 நாளில் ஒரு சென்டிமீட்டர் வந்தால் பெரிது. ஆகவே இனி உச்சியில் டிரிம்மரைக் காட்டவே காட்டாதீர்கள். கல்யாணத்துக்கு நான்கைந்து நாள் முன்னால் கடையில் உட்கார்ந்து பக்கத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் வெட்டினால் காதைச் சுற்றித் தோல் வெளுத்துத் தெரியும்.

வீட்டில் வெட்டாதீர்கள், சீவுங்கள். அதுதான் என் கருத்து.


மஸ்கட் அடுப்படி எழுதியது:

கத்தரி அண்ணா சொன்ன சுழி விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் "வீட்டில் வெட்டாதீர்கள்" என்பதை நான் ஏற்கவில்லை. 2020 ஊரடங்கில் கடைகள் மூடியிருந்தபோது வேறு வழியில்லாமல் என் கணவருக்கு வெட்ட ஆரம்பித்தேன். இன்றுவரை அவர் சலூன் பக்கம் போகவில்லை. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, விடுமுறை நாளில், குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூல். மகனுக்கும் நான்தான்.

முதல் தடவை நடந்த கூத்தையும் சொல்கிறேன். சீப்பு சரியாக மாட்டிக்கொண்டதா என்று பார்க்காமல் பிடரியில் வைத்தேன். அது கழன்று விழுந்தது, மெஷின் மட்டும் மேலே போனது. ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு மொட்டை. மூன்று வாரம் காணொளிக் கூட்டங்களில் அவர் தலையைத் திருப்பவே இல்லை. இப்போது சீப்பை மாட்டியதும் 'டக்' என்று சத்தம் வருகிறதா என்று கேட்டு, விரலால் இழுத்தும் பார்த்துவிட்டுத்தான் தலையில் வைக்கிறேன்.

கணக்குத் தம்பிக்கு: தாடி டிரிம்மரையும் முடி மெஷினையும் ஒன்று என்று நினைக்காதீர்கள். தாடி டிரிம்மரின் வாய் குறுகலானது. தலையில் ஓட்டினால் வரிவரியாகக் கோடு விழும், அடர்த்தியான முடியில் பிடித்து இழுக்கும். மெஷினில் வரும் சீப்புகளில் எண் போட்டிருக்கும். பெரும்பாலும் 1 என்றால் 3 மில்லிமீட்டர், 2 என்றால் 6, 3 என்றால் 10, 4 என்றால் 13. எதில் ஆரம்பிப்பது என்று சந்தேகம் வந்தால் பெரிய எண்ணில் ஆரம்பியுங்கள். குறைப்பது எப்போதும் முடியும், ஒட்டவைப்பதற்கு இன்னும் மெஷின் வரவில்லை.

நான் செய்வது இப்படி, சீப்பு எண்களை மட்டும் உங்கள் வட்ட முகத்துக்கு ஏற்பச் சொல்கிறேன். உலர்ந்த முடியில்தான் மெஷின். ஈர முடி நீண்டு தெரியும், காய்ந்ததும் சுருங்கும். என் மகனுக்குச் சுருட்டை என்பதால் ஈரத்தில் வெட்டி ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். காதுக்கும் புருவத்துக்கும் நடுவில் ஒரு உயரத்தை மனதில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் 4-ஆம் எண் சீப்பால் கீழிருந்து மேலே போவேன். அந்த உயரம் வந்ததும் மெஷினைத் தலையோடு ஒட்டிக்கொண்டே போகக் கூடாது. விமானம் ஓடுபாதையை விட்டு எழும்புவதுபோல் வெளிப்பக்கமாக எடுத்துவிட வேண்டும். தலை உள்பக்கம் வளையும் இடத்தில் மெஷினும் சேர்ந்து வளைந்தால் மேல்முடிக்கும் பக்கத்து முடிக்கும் நடுவில் படிக்கட்டு விழும். பிறகு 3-ஆம் எண்ணால் அதில் பாதி உயரம் வரை. காதுக்கு மேல் ஒரு விரல்கடை மட்டும் 2. காதை மடித்துப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், எங்கள் வீட்டில் அது மகன். கிருதாவைச் சரிபார்க்கும்போது காதைப் பார்த்து அளக்காதீர்கள், இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருக்கும் மனிதரை நான் பார்த்ததில்லை. முன்னால் வந்து நின்று, கண்ணின் ஓரத்தை வைத்து அளவு பாருங்கள்.

என் கணவருக்கு நிஜமான நீள்முகம், அதனால் உங்களுக்கு நேர்மாறு. பக்கத்தில் 6-ஆம் எண்ணுக்குக் கீழே நான் இறங்குவதில்லை. மேலே உயரம் வைப்பதில்லை. முன்முடி கொஞ்சம் நெற்றியில் சரிந்திருக்கும். ஒருமுறை அவர் ஆசைப்பட்டார் என்று பக்கத்தை ஒட்ட வெட்டி மேலே தூக்கிச் சீவிவிட்டேன். மாமியார் வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டு, "ஏன்டா, சரியாகச் சாப்பிடுகிறாயா?" என்று கேட்டார்கள். பழி என் சமையலுக்கு வந்தது.


பழைய கிராப்பு எழுதியது:

நான் 71 வயதுக்காரன், திண்டுக்கல் பக்கம். எங்கள் காலத்தில் முடிதிருத்துபவர் வீட்டுக்கே வருவார். திண்ணையில் மரப்பெட்டியைத் திறந்தால் சீப்பு, கத்தரி, படிகாரம், கை மெஷின். அந்தக் கை மெஷின் பாதி முடியை வெட்டும், மீதியைப் பிடுங்கும். முகவடிவம் என்று எவரும் கேட்டதில்லை. அப்பா "ஒட்ட வெட்டு" என்பார், அவ்வளவுதான் விதி. வாலிபத்தில் பிரில்கிரீம் என்ற தலைமுடிக் கிரீம் வந்து சேர்ந்தது. 1928-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தயாராக ஆரம்பித்த சரக்கு, எங்கள் ஊர்ப் பெட்டிக்கடை வரை வந்திருந்தது. தலையணை உறையெல்லாம் கறை.

நான் சொல்ல வந்தது வேறு. 40 வயதில் எனக்கு இரண்டு பக்கமும் நெற்றி ஏற ஆரம்பித்தது. இடது காதுக்கு மேலிருந்த முடியை நீளமாக வளர்த்து வழுக்கையின் மேல் படரவிட்டேன். 14 வருடம். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால்கூட உட்கார மாட்டேன், காற்றடித்தால் கொடிபோல் பறக்கும். கடைசியில் பேத்தி பிறந்த வருடம் எல்லாவற்றையும் 6 மில்லிமீட்டருக்குக் குறைத்துவிட்டேன். ஏறுநெற்றிக்காரர்கள் இங்கே இருந்தால் சொல்கிறேன், வட்டமோ சதுரமோ, பக்கத்தில் அடர்த்தி இருந்தால்தான் மேலே இல்லாதது தெரியும். பக்கத்தைக் குறைத்தால் வித்தியாசம் குறையும்.

இன்னொன்று. வயதோடு மெல்லக் குறைவது வேறு. திடீரென்று காசு அளவில் வட்டமாக உதிர்ந்தால் அது புழுவெட்டு. வெங்காயம் தேய்த்துக்கொண்டு வீட்டில் உட்காராமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். என் அண்ணன் மகன் ஆறு மாதம் வெங்காயம் தேய்த்தான்.


கரூர்க் கணக்கு எழுதியது:

நான்கு நாள் கழித்து வருகிறேன். முதலில் எல்லோருக்கும் நன்றி.

சோப்புக் கோடு இழுத்தேன். கண்ணாடியில் நீளம் 9.2, அகலம் 7.4. வகுத்துப் பார்த்தால் 1.24. தாடையில் மூலை என்று ஒன்றும் இல்லை. வட்டம் உறுதியாகிவிட்டது. ஒரு கண்ணை மூடுங்கள் என்று அண்ணன் எழுதியதைக் கவனிக்காமல் முதல் தடவை இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு இழுத்தேன், இரண்டு முகம் வந்தது. கண்ணாடியைக் கிறுக்கி வைத்ததற்கு அம்மாவிடம் திட்டும் வாங்கினேன்.

சுழியும் அண்ணன் ஊகித்தபடியே கடிகாரத் திசை. தங்கை படம் எடுத்துக் கொடுத்தாள். இடது பக்கம் வகிடெடுத்துச் சீவினேன். உண்மையிலேயே முன்முடி சண்டை போடாமல் போகிறது. ஆனால் எனக்கு என் முகமே அந்நியமாக இருக்கிறது. யாரோ என் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல் தெரிகிறது. இது பழகுமா? அடுத்து, முன்முடியை எழுப்பி நிறுத்துவது எப்படி? தலைமுடிக்குத் தடவும் மெழுகு வாங்கினேன், தடவினேன், 11 மணிக்கெல்லாம் சப்பென்று படுத்துவிடுகிறது. கரூர் வெயிலில் அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் நெற்றியெல்லாம் பிசுபிசுப்பு. தாடி வைக்கலாமா என்றும் யோசிக்கிறேன். அம்மா வேண்டாம் என்கிறார், தங்கை வை என்கிறாள்.


கும்பகோணம் கத்தரி எழுதியது:

தம்பி, கண்ணாடியில் நீங்கள் பார்ப்பது இடம் வலம் மாறிய முகம். இத்தனை வருடம் அந்த மாறிய முகத்தில் ஒரு பக்கம் வகிடு பார்த்துப் பழகியிருக்கிறீர்கள். இப்போது மாற்றினால் கண் ஒப்புக்கொள்ளாது. இரண்டு வாரம் பொறுங்கள். இதற்கிடையில் கண்ணாடியை நம்பாமல், தள்ளி நின்று எடுத்த படத்தை நம்புங்கள்.

மெழுகு படுத்துவிடுகிறது என்கிறீர்கள். எப்போது தடவினீர்கள் என்று எழுதவில்லை. முடி முழுவதும் காய்ந்த பிறகு தடவியிருப்பீர்கள், அளவும் கூடியிருக்கும். முடியின் வடிவம் தீர்மானமாவது அது காயும் நேரத்தில்தான். ஈரத்தில் முடிக்குள் இருக்கும் பிணைப்புகளில் ஒரு வகை தளரும், காயும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் மறுபடி இறுகும். தூங்கி எழுந்தால் ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறதே, அதே விஷயம்தான். வியர்வையோ கடற்கரைக் காற்றோ ஈரத்தைக் கொண்டுவந்தால் மறுபடி தளரும். ஆகவே குளித்து முடித்த பிறகு வரும் 10 நிமிடம்தான் உங்கள் கையில் இருக்கிறது.

துண்டால் பரபரவென்று தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். முடி முக்கால்வாசி காய்ந்ததும் டிரையரை எடுத்து, முன்முடியை எந்தப் பக்கம் ஒதுக்கப்போகிறீர்களோ அதற்கு எதிர்ப்பக்கமாக வேரிலிருந்து சூடுகாட்டுங்கள். விரலால் தூக்கிப் பிடித்தால் போதும், வட்டச் சீப்பு தேவையில்லை. டிரையர் தலையிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். வேர் எழுந்துவிட்டது என்று தெரிந்ததும் சரியான பக்கத்துக்குத் திருப்பி, கடைசி அரை நிமிடம் குளிர்ந்த காற்று. டிரையர் இல்லையென்றால் மின்விசிறிக்கு நேரே குனிந்து நின்று விரலால் கோதுங்கள், நேரம் கூடும், வேலை நடக்கும்.

அதற்குப் பிறகுதான் மெழுகு. கொண்டைக்கடலை அளவு, அதற்கு மேல் வேண்டாம். உள்ளங்கையில் தேய்த்துத் தேய்த்து அது மறைந்துபோனது மாதிரி ஆன பிறகு, முதலில் பின்னந்தலையில் தொட ஆரம்பித்து, கையில் மிச்சமிருப்பதை முன்முடிக்குக் கொண்டுவாருங்கள். எல்லோரும் நெற்றியிலிருந்து ஆரம்பிப்பார்கள். மொத்தமும் அங்கே அப்பிவிடும், பாரத்தில் முடி சரியும், வெயிலில் வழிந்து நெற்றிக்கு வரும். பளபளப்பில்லாத, களிமண் கலந்த வகை வாங்குங்கள். பளபளப்பு உங்கள் முகத்துக்கு உதவாது. தேங்காய் எண்ணெயை விட்டுவிட வேண்டியதில்லை. இரவில் தடவி, காலையில் அலசிவிடுங்கள். முடிக்கு நல்லதுதான், காலையில் வைத்துக்கொண்டு கிளம்பினால்தான் தலை சப்பையாகும்.

தாடி விஷயத்தில் நான் தங்கை கட்சி. ஆனால் ஒரே சீராக வளர்த்தால் இருக்கும் வட்டத்துக்கு இன்னொரு வட்டம் போட்டதுபோல் ஆகும். கன்னத்தில் 3 மில்லிமீட்டர், மோவாயில் 10. முகம் கீழ்ப்பக்கம் நீளும். கழுத்தில் குரல்வளை மேட்டுக்கு இரண்டு விரல் மேலே கோடு நிறுத்துங்கள். தாடை எலும்பு வரை ஏற்றிவிட்டால் கீழே இருக்கும் சதை தனியாகத் தெரியும். அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், கல்யாணம் முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று.

மஸ்கட் சகோதரிக்கு: விமானம் எழும்பும் உவமையை நாளை முதல் என் கடைப் பையனுக்குச் சொல்லப்போகிறேன். இரண்டு வருடமாக அவனுக்குப் படிக்கட்டு விழுந்துகொண்டிருக்கிறது. பக்கத்தை வீட்டில் வெட்டலாம், ஒப்புக்கொள்கிறேன். சுழிப்பக்கம் மட்டும் கைவைக்காதீர்கள்.


மஸ்கட் அடுப்படி எழுதியது:

சுழிப்பக்கம் நானும் மெஷின் வைப்பதில்லை அண்ணா, சீப்பால் தூக்கிக் கத்தரி நுனியால் மட்டும். ஆனால் உங்கள் பாராட்டைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். "அப்படியானால் அந்த ஐந்து ரூபாய் மொட்டை?" என்று கேட்கிறார். ஆறு வருடம் ஆனாலும் மறக்க மாட்டார் போலிருக்கிறது.


கரூர்க் கணக்கு எழுதியது:

கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து நாள். நேற்று சலூனில் போய் உட்கார்ந்தேன். "எப்போதும்போலத்தானே?" என்றார்கள். 12 வருடத்தில் முதல் முறையாக "இல்லை" என்றேன். கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்தில் 2-இல் தொடங்கி 3, உச்சியைத் தொட வேண்டாம், வகிடு இடது பக்கம், நெற்றிப்பொட்டில் மூலை வேண்டும் என்று மனப்பாடம் ஒப்பித்தேன். "யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார். கும்பகோணத்தில் ஒரு அண்ணன் என்றேன். முகம் கொஞ்சம் சுண்டியது, ஆனால் வேலையைச் சுத்தமாகச் செய்தார். கொண்டை இன்னும் பாதி நிற்கிறது. மேற்பார்வையாளர் இன்று ஒன்றும் சொல்லவில்லை, அதை வெற்றி என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். முகூர்த்தம் காலை ஏழரைக்கு. ஹோமப் புகை, வியர்வை, மாலை வேறு பிடரியில் உரசும். பொரியிடும் நேரத்துக்குள் எல்லாம் சரிந்துவிட்டால் என்ன செய்வது? மெழுகு டப்பாவைக் கையோடு கொண்டுபோகவா?


கும்பகோணம் கத்தரி எழுதியது:

மெழுகு வேண்டாம். வியர்வையின் மேல் மெழுகு தடவினால் பசை ஆகிவிடும். ஒரு கைக்குட்டையும் சின்னச் சீப்பும் போதும். முதலில் நெற்றியையும் முடி ஆரம்பிக்கும் இடத்தையும் ஒற்றி எடுங்கள், பிறகு விரலால் முன்முடியை வேரில் பிடித்து எதிர்ப்பக்கம் ஒருமுறை புரட்டித் திருப்புங்கள், எழுந்து நிற்கும். மாலையைக் கழற்றும்போது தலைக்கு மேலே தூக்கிக் கழற்றாமல், முடிச்சை அவிழ்த்து எடுக்கச் சொல்லுங்கள். சீப்பை யாராவது விவரமான சின்னப் பையனிடம் கொடுத்து வையுங்கள். பட்டுச் சட்டையின் பையில் செருகினால் வீடியோவில் அதுதான் முதலில் தெரியும்.